காட்டுப்பூனைத் தோட்டாவும் படவேட்டுப் பன்றியும்

துப்பாக்கியைப் பற்றி நம்மூரில் பேச்சு எடுத்தால் அது மூன்று இடங்களில் போய் முட்டி நின்றுவிடும். ஒன்று சினிமா. இன்னொன்று வீரப்பன். மூன்றாவது என்கவுன்டர். இந்த மூன்றையும் தாண்டி, துப்பாக்கிக்குள் போகிற தோட்டாவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேச வேண்டிய அவசியமும் வந்ததில்லை. ஆனால் அமெரிக்காவில் இதுவே ஒரு பெரிய பொழுதுபோக்கு. அங்கே வீட்டுக் கார் ஷெட்டில் மேஜை போட்டு, தராசு வைத்து, தோட்டாவைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். "ஆயிரம் கஜத்தில் மானை அடித்தேன்" என்று வீடியோவும் போடுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு நம்ம பசங்களும், "நம்மூர்க் காட்டுப்பன்றிப் பிரச்சினைக்கு இதுதான்யா தீர்வு, தூரத்திலிருந்தே போட்டுத் தள்ளிடலாம்" என்கிறார்கள்.

தள்ள முடியுமா? தள்ளலாமா? இரண்டும் வேறு வேறு கேள்விகள். முதலில் அந்தத் தோட்டா என்ன சமாசாரம் என்று பார்த்துவிடுவோம்.

ஒரு ரைஃபிள் தோட்டா என்பது நாலு சாமான் சேர்ந்த ஒரு பொட்டலம். பித்தளைக் கூடு, அதன் அடியில் கேப்பு, உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்டதும் குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், கேப்பு செத்துவிடும். பித்தளைக் கூடு மட்டும் மிஞ்சும். நாலில் விலை அதிகமானதே அந்தக் கூடுதான். வணிகவியல் படிக்கிறவர்கள் பாஷையில் சொன்னால் மற்ற மூன்றும் நுகர்பொருள், கூடு மட்டும் மூலதனச் சொத்து! அதைத் தூக்கிப் போட யாருக்கு மனசு வரும்? அதைச் சுத்தம் செய்து, அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதுக் கேப்பு வைத்து, மருந்தை நிறுத்துப் போட்டு, புதுக் குண்டைச் செருகினால் தோட்டா தயார். இதைத்தான் 'ஹேண்ட்லோடு' என்கிறார்கள். தமிழில் கைத்தோட்டா என்று வைத்துக்கொள்வோம்.

ஆரம்பத்தில் காசு மிச்சம் பண்ணத்தான் செய்தார்கள். பிறகுதான் இதில் வேறொரு ருசி இருப்பது தெரிந்தது. மருந்தை 'கிரெய்ன்' என்ற அளவில் நிறுக்கிறார்கள். ஒரு கிராமுக்குப் பதினைந்தரை கிரெய்ன் வரும். ஆசாரிகள் தங்கம் நிறுத்த குன்றிமணி இருக்கிறதே, அதில் ஏறக்குறைய பாதி எடை. கைத்தோட்டாக்காரர்கள் அந்தக் கிரெய்னிலும் பத்தில் ஒரு பங்கு வரை பார்ப்பார்கள். ஏன் இவ்வளவு நுணுக்கம்? ஒவ்வொரு தோட்டாவும் ஒரே வேகத்தில் குண்டைத் தள்ளினால்தான் தூரத்தில் குண்டுகள் ஒரே இடத்தில் போய் விழும். பத்துத் தோட்டா சுட்டு, வேகமானியில் பத்து வேகத்தையும் குறித்து, சராசரி எடுத்து, திட்ட விலக்கம் கணக்குப் போடுகிறார்கள். ஆமாம், பி.காம் இரண்டாம் ஆண்டில் எல்லோரையும் அழவைக்கிற அதே திட்ட விலக்கம்தான்! அது எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்ல தோட்டா. எல்லாவற்றையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பார்கள்: எந்தக் கூடு, எத்தனையாவது தடவை, என்ன மருந்து, எவ்வளவு, என்ன வெயில்.

இதற்கும் அடுத்த படி ஒன்று உண்டு. கம்பெனி செய்கிற கூட்டையே வாங்கி, அதன் கழுத்தை இறுக்கியோ அகட்டியோ, தோளைத் தள்ளியோ, எந்தக் கம்பெனியும் செய்யாத புது அளவில் ஒரு தோட்டாவை உருவாக்குவது. அதற்குத் தகுந்த மாதிரி ரைஃபிளின் அறையையும் கடைந்துகொள்ள வேண்டும். இதற்கு 'வைல்ட்கேட்' என்று பெயர். காட்டுப்பூனை! கம்பெனிப் பட்டியலில் வீட்டுப் பூனையாக அடங்காதது என்று அர்த்தம் வைத்துக்கொள்ளலாம். சில காட்டுப்பூனைகள் பின்னாளில் வீட்டுப் பூனையானதும் உண்டு. அமெரிக்க ராணுவத்துக்காக 1906-ல் வந்தது 30-06 தோட்டா. அதன் கழுத்தை அகட்டி 1922-ல் செய்த '.35 வீலன்' அறுபத்தாறு வருஷம் காட்டுப்பூனையாகவே திரிந்து, 1988-ல்தான் ரெமிங்டன் கம்பெனியின் பட்டியலில் ஏறியது. அதே கூட்டின் கழுத்தை இறுக்கிச் செய்த '25-06' 1969-லும், வேறொரு கூட்டிலிருந்து வந்த '22-250' 1965-லும் அதே கம்பெனி வழியாகக் கடைக்கு வந்தன.

இந்தக் கதையில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்றால் நம்புவீர்களா? அந்தக் காலத்தில் பெரிய மிருக வேட்டைக்கு வெள்ளைக்காரர்கள் விரும்பியது .450 அளவு. ராணுவத்தின் பழைய மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிகளும் அதே அளவு. வேட்டைக்காரன் பெயரில் வரும் தோட்டா கலகக்காரன் கைக்குப் போய்விடுமோ என்று பிரிட்டிஷ் அரசுக்குப் பயம். 1907 வாக்கில் இந்தியாவில் அந்த அளவுக்கே தடை போட்டார்கள். உடனே லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் .465, .470, .475 என்று கொஞ்சம் கொஞ்சம் தள்ளிப் புது அளவுகளைக் கொண்டுவந்துவிட்டன. சட்டம் ஒரு வாசலை மூடினால் வியாபாரம் பக்கத்திலேயே இன்னொரு வாசலைக் கடைந்துகொள்ளும்!

அந்தப் பயத்தின் மிச்சம் இன்றைக்கும் இருக்கிறது. .303 அளவு இன்றும் சாதாரண ஜனங்களுக்குத் தடை செய்யப்பட்டதுதான். அதற்குப் பதிலாக உரிமம் வைத்திருப்பவர்களுக்கு இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை செய்து கொடுத்து வந்தது .315 ரைஃபிள். துப்பாக்கியின் அமைப்பு பழைய லீ என்ஃபீல்டு; தோட்டாவின் மூலம் ஆஸ்திரிய ராணுவத்தின் பழைய மான்லிச்சர். கனமான குண்டு, நிதானமான வேகம். ஆயிரம் கஜத்துக்கு அதைக் கனவிலும் நினைக்க முடியாது. தோட்டா வாங்குவதும் நினைத்தபடி முடியாது. ஒரு சமயத்தில் எத்தனை வைத்திருக்கலாம், வருஷத்துக்கு எத்தனை வாங்கலாம் என்று உரிமத்திலேயே எழுதியிருக்கும். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி ஆயுதமோ தோட்டாவோ தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும். ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையையும் 2019 திருத்தம் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்துவிட்டது. ஆக, கார் ஷெட்டில் காட்டுப்பூனை வளர்க்கிற வேலை நம்மூருக்கு ஆகாது. சட்டப்படி கதை அங்கேயே முடிந்தது.

ஆனால் கைத்தோட்டாவே நம்மூரில் கிடையாது என்று நினைத்தால் அது தப்பு. படவேட்டுக்கு வாருங்கள்.

திருவண்ணாமலை மாவட்டத்தில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது படவேடு. ரேணுகாம்பாள் கோயிலால் ஊருக்கெல்லாம் தெரிந்த பெயர். ஒரு காலத்தில் சம்புவராயர்களின் தலைநகர். இப்போது வாழையும் நெல்லும் கரும்பும் விளைகிற ஊர். வயல் வரப்பில் நின்று நிமிர்ந்தால் மலை, மலை முழுக்கக் காடு. மேலே ஏறினால் ஜமுனாமரத்தூர் பக்கம் மலையாளி பழங்குடி மக்களின் ஊர்கள், சாமைக் கொல்லைகள். மலைக்குத் தெற்கே செங்கம் பக்கத்து நடுகற்களைப் பார்த்தால் தெரியும், ஆநிரைச் சண்டையில் செத்தவனுக்கும் புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவனுக்கும் கல் நட்ட பூமி இது. மனுஷனும் மிருகமும் ஒரே வரப்பில் நின்று முறைத்துக்கொள்வது இங்கே புதுசு இல்லை.

இந்த மலையில் நாட்டுத் துப்பாக்கி என்று ஒன்று தலைமுறை தலைமுறையாக இருந்து வந்திருக்கிறது. குழல் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, நாரோ துணியோ திணித்து, ரவையைப் போட்டு, கம்பியால் இடித்து, கேப்பு வைத்துச் சுடுவது. காவல்துறை அவ்வப்போது கெடு வைத்து, "தானாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை" என்று அறிவிப்பதும், துப்பாக்கிகள் பொது இடத்தில் வந்து சேருவதும் ஜவ்வாது, கல்வராயன் மலைப் பக்கங்களில் செய்தியாக வருவதுதான். யோசித்துப் பாருங்கள்: இதுவும் கைத்தோட்டாதானே? அமெரிக்கக்காரர் கிரெய்னில் பத்தில் ஒரு பங்கு நிறுக்கிறார். இங்கே உள்ளங்கைதான் தராசு, கண்மட்டம்தான் கணக்கு. மருந்து கூடினால் குழல் வெடித்துச் சுட்டவன் விரல் போகும். குறைந்தால் பன்றி காயத்தோடு ஓடி, ரெண்டு நாள் புதரில் கிடந்து சாகும். ரெண்டுமே நடப்பதுதான்.

சரி, பன்றி விஷயத்துக்கு வருவோம். கடலையோ, வாழையோ, மரவள்ளியோ போட்டவனிடம் போய்க் காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட வேண்டிய உயிரினம் என்று சொல்லிப் பாருங்கள். ஒரே ராத்திரியில் அரை ஏக்கரை உழுதுவிட்டுப் போயிருக்கும். ஆனால் சட்டம் சட்டம்தான். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது உரிமம் வாங்கிச் சில மிருகங்களை வேட்டையாட வழி இருந்தது. 1991 திருத்தத்தோடு அதுவும் போயிற்று. 2022 திருத்தத்துக்குப் பிறகு காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பயிரை அழிக்கிற மிருகத்தைக் கொல்ல வனத்துறை அனுமதி கொடுக்கலாம் என்று சட்டத்திலேயே ஒரு கதவு உண்டு. 2015-16-ல் பீகாரிலும் உத்தராகண்டிலும் காட்டுப்பன்றியைக் கொஞ்ச காலத்துக்குத் தொல்லை தரும் விலங்கு என்று மத்திய அரசு அறிவித்தது. கேரளா 2022-ல் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கே சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கொடுத்தது. தமிழ்நாடு 2025 ஜனவரியில் கோடு போட்டுப் பிரித்தது: காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுடக் கூடாது, ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விடலாம், மூன்றுக்கு அப்பால் வனத்துறையே சுடலாம்.

இந்தக் கோட்டைப் படவேட்டு மண்ணில் போட்டுப் பாருங்கள். காட்டை ஒட்டிய வயல்காரனுக்குத்தான் நஷ்டம் அதிகம். அவனுக்குத்தான் இந்த விதியில் ஒன்றுமே இல்லை! மிருகத்தின் பக்கம் நின்று பார்த்தால் விதி நியாயமானது. காட்டு ஓரத்தில் சுட ஆரம்பித்தால் காட்டுக்குள்ளேயே சுடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அந்த நியாயத்தின் செலவு முழுவதையும் அடிவாரத்து விவசாயி தலையில் கட்டுவது நியாயமாகாது. அந்த இடைவெளியில்தான் அவுட்டுக்காயும் மின்கம்பியும் நுழைகின்றன. அவுட்டுக்காய் பன்றி, பசு, நாய், யானை என்று ஆள் பார்ப்பதில்லை. 2020-ல் பாலக்காட்டுப் பக்கம் வெடி கடித்து, வாய் சிதைந்து, ஆற்றுத் தண்ணீரில் நின்றபடியே செத்த சினை யானையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே திருட்டு மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. பன்றிக்கு வைத்த கண்ணிதான் இரண்டும்.

இந்த இடத்தில்தான் நம்ம வீடியோ நண்பர்கள் வருகிறார்கள். "பார்த்தீர்களா, இதற்கெல்லாம் ஒரு நல்ல ரைஃபிள், ஒரு நல்ல தோட்டா, ஐந்நூறு மீட்டர் தள்ளி உட்கார்ந்து ஒரே சூடு. பன்றிக்கும் வலி இல்லை, பசுவுக்கும் ஆபத்து இல்லை."

கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டால் இடிக்கிறது.

30-06 மாதிரி ஒரு நல்ல தோட்டாவின் குண்டு ஐந்நூறு மீட்டர் போய்ச்சேர முக்கால் விநாடி அளவுக்கு ஆகும். அதற்குள் இரண்டு மீட்டருக்கு மேல் கீழே இறங்கியிருக்கும். இறங்குவதைக் கணக்குப் போட்டுவிடலாம், அதில் கைத்தோட்டாக்காரர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் அந்த முக்கால் விநாடியில் பன்றி என்ன செய்யும் என்பதற்குக் கணக்கு இல்லை. சாவகாசமாக மேய்ந்துகொண்டே ஒரு எட்டு எடுத்து வைத்தால் போதும், நெஞ்சுக்குப் போன குண்டு வயிற்றில் பாயும். நோட்டுப் புத்தகத்தில் திட்ட விலக்கம் பூஜ்ஜியமாகவே இருக்கட்டும், பன்றிக்கு அது தெரியாது! காட்டுப்பூனைத் தோட்டாவால் வேகத்தைக் கூட்டி இந்த முக்கால் விநாடியை அரை விநாடிக்குப் பக்கத்தில் கொண்டுவரலாம் என்பார்கள். அதற்கும் விலை உண்டு. சின்ன வாய்க்கு அளவு மீறிய மருந்தைத் திணிக்கிற தோட்டாக்கள் குழலின் உட்பக்கத்தைச் சீக்கிரம் அரித்துவிடும். ஒவ்வொரு சூட்டுக்கும் குழலுக்குத் தேய்மானம் எழுத வேண்டும். அரை விநாடியில் பன்றி நகராது என்று யார் உத்தரவாதம் தருவது?

அடுத்தது, தவறிப்போன குண்டு எங்கே போகும்? 30-06 குண்டு நான்கு கிலோமீட்டருக்கு மேலும் போகக்கூடியது. அமெரிக்காவின் மேற்குப் பக்கத்து வெட்டவெளியில் அந்த நான்கு கிலோமீட்டரில் ஒரு ஆள்கூட இல்லாமல் இருக்கலாம். படவேட்டில்? மாடு மேய்க்கிறவர், விறகு பொறுக்கப் போன கிழவி, ராத்திரி மோட்டார் போடப் போன ஆள், மலைப் பாதையில் இறங்கி வருகிறவர், அப்புறம் அடுத்த ஊர். பன்றி வருவதோ ராத்திரி. மலையடிவாரக் காற்று ஒரு நேரம் மேலிருந்து கீழே, ஒரு நேரம் கீழிருந்து மேலே. ஒருவர் லாபத்துக்காகச் செய்யும் காரியத்தின் செலவை சம்பந்தமில்லாத மூன்றாம் ஆள் சுமப்பதைப் பொருளாதாரத்தில் புறவிளைவு என்று படிக்கிறோம். இங்கே புறவிளைவு என்பது ஒரு உயிர்.

இன்னொரு விஷயம். பெரிய வேட்டைக்காரர்கள் என்று பெயர் வாங்கியவர்கள் யாரும் தூரத்தால் பெயர் வாங்கவில்லை. ஜிம் கார்பெட் 1926-ல் ருத்ரபிரயாக் சிறுத்தையைச் சுட்டது மரத்தின் மேலிருந்து, ராத்திரியில், சில கஜ தூரத்தில். கையிலிருந்தது சாதாரண .275 ரிக்பி. ஜவ்வாதுக்கு அடுத்த ஏலகிரியில் ஆள்கொல்லிச் சிறுத்தையைத் தேடிப் போனதை எழுதியிருக்கும் கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்தது 1904-ல் வந்த .405 வின்செஸ்டர், அதுவும் கிட்டப் பார்வைக்கான தோட்டாதான். அவர்கள் வேட்டையாடியது சரியா என்பது வேறு விவாதம். ஆனால் தடம் பார்த்து, காற்றுப் பார்த்து, மிருகத்துக்கு எவ்வளவு கிட்டே போக முடியும் என்பதே அவர்களுக்கு வித்தையாக இருந்தது. எவ்வளவு தள்ளி இருக்கலாம் என்பது வித்தையான பிறகு மிருகம் மிருகமாக இல்லை, வெறும் அட்டைக் குறி ஆகிவிட்டது. அட்டையைத்தான் சுட வேண்டுமென்றால் நிஜமான அட்டையையே சுடலாமே! உரிமத்தோடு, சுடுதளத்தில், ஆயிரம் கஜம் தாராளமாகச் சுடட்டும். கைத்தோட்டாவும் காட்டுப்பூனையும் இருக்க வேண்டிய இடம் அதுதான்.

அவர்கள் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவை டப்பாத் தோட்டா வாங்கி, பழகாத கையால் சுடுகிற வேட்டைக்காரனைவிட, ஒவ்வொரு தோட்டாவையும் நிறுத்து, நூற்றுக்கணக்கில் சுட்டுப் பழகி, தன் எல்லை எது என்று தெரிந்தவன் எவ்வளவோ மேல். மிருகத்தைக் காயத்தோடு ஓடவிடும் பாவம் அவனிடம் குறைவு. இந்தக் கலையில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்: அளவு, பழக்கம், நோட்டுப் புத்தகம். தூரத்தை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறை சுடலாம் என்று அரசு சொன்ன பிறகு, யார் சுடுகிறார், எதால் சுடுகிறார், எத்தனை மீட்டருக்குள் சுடுகிறார், குண்டுக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறதா, காயத்தோடு போனது எத்தனை என்பதெல்லாம் எழுதி வைக்கப்பட வேண்டும். ஐம்பது மீட்டர், நூறு மீட்டர் என்று ஒரு உச்சவரம்பு வேண்டும். சுடுகிறவர் வருஷா வருஷம் பழகிக் காட்ட வேண்டும். கோட்டுக்கு உள்ளே, சுடவே முடியாத அந்த முதல் கிலோமீட்டரில் இருப்பவனுக்கு நஷ்ட ஈடு அடுத்த விதைப்புக்கு முன்னால் கைக்கு வர வேண்டும். அலைந்து திரிந்து ரெண்டு வருஷம் கழித்து வருகிற பணம் நஷ்ட ஈடு ஆகாது, அது நினைவாஞ்சலி! பணம் நேரத்துக்கு வந்தால் அவுட்டுக்காய்க்காரனுக்கு வாடிக்கையாளர் குறைவார்கள். வெடிக்கும் கம்பிக்கும் எதிராக எத்தனை போலீஸ் வழக்குப் போட்டாலும் அதற்கு ஈடாகாது.

குன்றிமணியில் பாதியைப் பத்துப் பங்காக்கி நிறுக்க மனுஷனால் முடிகிறது. ஒரு ஏக்கர் வாழையில் எத்தனை மரம் சாய்ந்தது என்று எண்ணி, அதற்கு இந்த மாதமே காசு கொடுக்க முடியாதா என்ன?